தேசம் ஏன் புலம்புகிறது? ஒரே தேவன், மண், பொது ஒழுக்கம் பற்றி எங்கள் சபையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களில் எங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் கீழுள்ள சபைகள்) வாரம் ஒரு வீட்டில் கூடி வேதம் வாசிப்போம். நான் போதகர் இல்லை. பாடம் நடத்தும் பொறுப்பு மட்டும் பல வருடமாக என்னிடம் இருக்கிறது. ஒரு வருடம் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி ஓசியாவின் 4ஆம் அதிகாரத்தை எடுத்தோம். அன்றைக்குக் கிளம்பிய சந்தேகங்கள் இன்னும் ஓயவில்லை. கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது ஒருவர் கேட்பார், மறுவாரம் வேறு வீட்டில் இன்னொருவர் அதையே கேட்பார்.

அவற்றையெல்லாம் சேர்த்து, என்னால் முடிந்த பதிலோடு இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன். வசனங்கள் நாம் வீட்டில் வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

ஒரே கடவுள்னு சொல்றீங்க. அப்புறம் பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு மூணு பேரைச் சொல்றீங்களே?

இந்தச் சந்தேகம் திருச்சபைக்குப் புதிதில்லை. கி.பி. 325ல் நிக்கேயாவில் ஆயர்கள் கூடியதற்கே இது முக்கியக் காரணம். குமாரன் பிதாவால் படைக்கப்பட்டவர் என்று ஆரியுஸ் போதித்தார். இல்லை, குமாரன் பிதாவோடு ஒரே தன்மை உடையவர் என்று சங்கம் அறிக்கையிட்டது. மூன்று தேவர்கள் என்று எந்தக் காலத்திலும் சபை சொன்னதில்லை. ஒரே தேவன் தம்முள்ளேயே அன்பின் உறவாக இருக்கிறார் என்பதுதான் அதன் விசுவாசம்.

இதற்கு மேல் விளக்க ஆரம்பித்தால் முட்டை, தண்ணீர், சூரியன் என்று உவமை தேடிப் போவோம். அவை எல்லாமே எங்கேயாவது இடறும். இயேசு தம் வாயால் முதல் கட்டளையாகச் சொன்னது உபாகமம் 6:4: "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்." இந்தப் பக்கத்துக்கு அந்த ஒரு வசனம் போதும்.

ஒன்றே குலம், ஒருவனே தேவன்னு திருமூலரே சொல்லிட்டாரே. இதுல நீங்க தனியா என்ன சொல்றீங்க?

கடவுள் ஒருவரே என்று நம் தமிழ் மண் வெகுகாலமாகச் சொல்லி வருகிறது. அதைக் கேட்கும்போது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உபாகமத்தில் அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். முழு இருதயத்தோடும் முழு ஆத்துமாவோடும் முழுப் பலத்தோடும் அவரில் அன்புகூரு என்று வருகிறது. கடவுள் எத்தனை பேர் என்ற கணக்கோடு விஷயம் முடியவில்லை. நான் யாருக்குச் சொந்தம், யார் சொன்னால் கேட்பேன் என்பது அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விக்கிரகம் என்றவுடன் நம் ஆட்கள் பக்கத்துத் தெருக் கோயிலைப் பார்க்கிறார்கள். அண்டை வீட்டாரைச் சுட்டிக்காட்டப் பவுல் அந்தச் சொல்லைக் கொலோசெயருக்கு எழுதவில்லை. சபையாரைப் பார்த்தே "விக்கிரகாராதனையான பொருளாசை" என்கிறார் (3:5). தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியஞ்செய்ய உங்களால் கூடாது என்றார் இயேசு. நான் ஒரே தேவனை வணங்குகிறேனா என்பது ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் தெரியாது. திங்கட்கிழமை பத்திரப்பதிவு அலுவலகத்தில் நிற்கும்போது தெரியும்.

சுற்றுச்சூழலுக்கும் சபைக்கும் என்ன சம்பந்தம்? அது கவர்மெண்ட் வேலைதானே?

ஓசியா கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வட இஸ்ரவேலில் பேசியவர். அவர் ஊழியத்தைத் தொடங்கியபோது நாட்டில் செல்வத்துக்குக் குறைவில்லை. அப்படிப்பட்ட நாட்டின் மேல் கர்த்தருக்கு ஒரு வழக்கு இருக்கிறது என்று ஆரம்பிக்கிறார். "தேசத்திலே உண்மையும் இல்லை, இரக்கமும் இல்லை, தேவனைப்பற்றிய அறிவும் இல்லை." அடுத்து பொய்யாணை, பொய், கொலை, திருட்டு, விபசாரம் என்று அடுக்குகிறார். பத்துக் கட்டளையில் பாதி அதில் வந்துவிடுகிறது. மூன்றாவது வசனம் என்னவென்றால், "இதினிமித்தம் தேசம் புலம்பும்." மனிதரோடு சேர்ந்து மிருகங்களும் ஆகாயத்துப் பறவைகளும் தொய்ந்துபோகும், கடலின் மீன்களும் வாரிக்கொள்ளப்படும்.

மூன்றே வசனம்தான். தேவனை மறந்தது முதலில், ஊரில் பொய்யும் திருட்டும் பெருகியது அடுத்து, மீன் செத்தது கடைசியில். நாம் முதலாவதைப் பிரசங்க மேடைக்கும், இரண்டாவதைப் போலீசுக்கும், மூன்றாவதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டோம். ஓசியா பிரிக்கவில்லை. அவர் கட்டிய அந்த முடிச்சை நாம் அவிழ்க்கக் கூடாது என்பதே நான் சொல்ல விரும்புவது. கீழே வரும் பதில்களில் நான் திரும்பத் திரும்ப ஓசியாவிடம் போவது அதனால்தான்.

பூமியைக் கீழ்ப்படுத்தி ஆண்டுகொள்ளுங்கள்னு ஆதியாகமத்துலயே இருக்கே. அப்ப நமக்கு உரிமை இருக்குதானே?

இருக்கிறது, 1:28ல். ஆனால் அதே அதிகாரத்தை நிதானமாக வாசித்தால் இரண்டு விஷயம் கண்ணில் படும். "பலுகிப் பெருகி" என்ற ஆசீர்வாதம் மனிதனுக்கு முன்பே, 22ஆம் வசனத்தில், மீனுக்கும் பறவைக்கும் கொடுக்கப்பட்டுவிட்டது. அவற்றைப் பெருகவிடாமல் செய்வது தேவன் கொடுத்த ஆசீர்வாதத்தையே பறிப்பதாகும். அடுத்து, "ஆண்டுகொள்" என்பதற்கு வரும் அதே எபிரெய வினைச்சொல் எசேக்கியேல் 34ல் மந்தையைக் கொடுமையாக ஆண்ட மேய்ப்பர்களைப் பற்றியும் வருகிறது. அங்கே தேவன் அவர்களைக் கண்டிக்கிறார். ஆளுகை உண்டு, அதற்குக் கணக்கு ஒப்புவிப்பதும் உண்டு.

அப்புறம் 2:15. மனுஷனைத் தோட்டத்தில் "பண்படுத்தவும் காக்கவும் வைத்தார்". இந்தக் "காக்கவும்" எனக்கு மிகவும் பிடித்த சொல். எபிரெயத்தில் ஷாமார். எண்ணாகமம் 6ல் ஆரோன் கூறும் ஆசீர்வாதத்தில், "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்கிற இடத்திலும் இதே சொல்தான். ஆராதனை முடிவில் தலைகுனிந்து இந்த ஆசீர்வாதத்தை வாங்குகிறோமே, கர்த்தர் நம்மை எப்படிக் காக்க வேண்டும் என்று விரும்புகிறோமோ அப்படித்தான் மண்ணைக் காக்கச் சொல்லியிருக்கிறார்.

யுத்தகாலத்துக்குக்கூட அங்கே சட்டம் உண்டு. பட்டணத்தை முற்றுகையிடும்போது கனிமரங்களை வெட்டாதே என்கிறது உபாகமம் 20:19.

மரத்தையும் ஆற்றையும் சாமியா கும்பிட்டவங்க காப்பாத்தினாங்க. ஒரே கடவுள்னு சொன்னவங்கதான் வெட்டினாங்க. இதுக்கு என்ன பதில்?

கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டது. 1967ல் லின் வைட் என்ற வரலாற்றாசிரியர் ஏறக்குறைய இதையே எழுதி, உலகம் முழுக்க விவாதமானது. இயற்கையிலிருந்து தெய்வத்தைப் பிரித்துவிட்ட மேற்கத்தியக் கிறிஸ்தவம், அதைச் சுரண்டவும் வழி திறந்தது என்பது அவர் வாதம். இதை உடனே மறுக்க எனக்கு மனசு வரவில்லை. 8ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் போனிஃபாஸ் என்ற மிஷனரி அங்கிருந்தவர்கள் புனிதமாக எண்ணிய ஓக் மரத்தை வெட்டியதை வெற்றிக்கதையாகவே சபை சொல்லி வந்திருக்கிறது. நம் ஊரில் ஐயனார் கோயில்காட்டில் விறகு பொறுக்கவே யோசிப்பவர்கள் உண்டு. அந்தப் பயம் எத்தனையோ மரங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று ஒத்துக்கொள்வதில் நமக்கு எந்தக் குறைவும் இல்லை.

ஆனால் பாதி உண்மையோடு நின்றுவிடக் கூடாது. மரம் தெய்வம் இல்லை என்று வேதம் சொல்லும்போது, மரம் உன் சொத்து என்று சொல்லவில்லை. "பூமியும் அதின் நிறைவும், உலகமும் அதிலுள்ள குடிகளும் கர்த்தருடையது" என்கிறது சங்கீதம் 24. லேவியராகமம் 25ல் இன்னும் கறாராக, "தேசம் என்னுடையதாயிருக்கிறபடியால், நீங்கள் நிலங்களை அறுதியாய் விற்கவேண்டாம்" என்கிறார். நாம் அவரிடத்தில் புறக்குடிகள், குத்தகைக்காரர் மாதிரி. ஏழாம் வருஷம் நிலத்துக்கே ஓய்வு விடச் சொன்ன சட்டம் அது. முதலாளி ஒருவர் இருக்கிறார் என்பதை மறந்துவிட்டு, "சாமி இல்லை" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டபோதுதான் கோடாரி கைக்கு வந்தது. கங்கையையும் யமுனையையும் தெய்வமாகக் கும்பிடும் நாட்டிலேயே அவற்றில் சாக்கடை கலக்கிறது. ஆகவே கும்பிடுவதா, கும்பிடாததா என்பதைவிட, பேராசைக்கு யார் தடை போடுவது என்பதுதான் கேள்வி.

லின் வைட்டே அந்தக் கட்டுரையின் முடிவில் அசிசி பிரான்சிஸைச் சூழலியலாளர்களின் பாதுகாவலராக முன்மொழிந்தார். 1979ல் போப் இரண்டாம் ஜான் பால் அப்படியே அறிவித்தார். குற்றச்சாட்டைக் கேட்டுத் திருந்திய ஒரு சந்தர்ப்பமாக இதைப் பார்க்கிறேன்.

கடைசி நாள்ல எல்லாம் எரிஞ்சு போகப்போகுது. மரம் நடுற நேரத்துல ஆத்துமா ஆதாயம் பண்ணலாமே?

2 பேதுரு 3ஐ வைத்துக் கேட்கிறார்கள். அதே அதிகாரத்தில், நோவா காலத்து உலகம் தண்ணீரால் அழிந்தது என்றும் எழுதியிருக்கிறது. பூமி இருந்தது, அதிலிருந்த அக்கிரமம் அழிந்தது. எல்லாம் அழியப்போவதால் எப்படியும் வாழலாம் என்று பேதுரு முடிக்கவில்லை. எப்படிப்பட்ட பரிசுத்த நடக்கை உள்ளவர்களாக இருக்கவேண்டும் என்றுதான் கேட்கிறார். வெளிப்படுத்தின விசேஷம் 11:18ல் பூமியைக் கெடுத்தவர்களுக்கு நியாயத்தீர்ப்பு உண்டு என்றிருக்கிறது. அதை யாரும் பிரசங்கத்தில் எடுப்பதில்லை.

எனக்கு எரேமியாவை நினைக்கப் பிடிக்கும். எருசலேம் விழப்போகிறது என்று அவரே தீர்க்கதரிசனம் சொல்லி, அதற்காகக் காவலில் கிடக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் ஒரு நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார், பத்திரத்தோடு, சாட்சிகளோடு. சுவிசேஷம் சொல்லவும் மரம் நடவும் ஒரே வாழ்நாளில் நேரம் இருக்கிறது.

அந்தக் காலத்துல ஜனங்க எவ்வளவு ஒழுக்கமா இருந்தாங்க! இப்பதான் எல்லாம் கெட்டுப்போச்சு, இல்லையா?

பெரியவர்கள் வருத்தத்தோடு கேட்பது. அந்த வருத்தத்தை மதிக்கிறேன். ஆனால் பிரசங்கி 7:10, முன்நாட்கள் நலமாயிருந்தது ஏன் என்று கேளாதே, அது ஞானமல்ல என்கிறது. அந்தக் காலத்தில்தான் தென் திருவிதாங்கூரில் பெண்கள் மேல் உடம்பை மறைக்கும் உரிமைக்காக அடிபட்டார்கள். 1859ல்தான் அரசாணை வந்தது. ஒரே சபைக்குள் சாதிக்கொரு பக்கம் உட்கார்ந்ததும், கல்லறையைப் பிரித்ததும் அந்தக் காலத்தில்தான். அதை ஒழுக்கம் என்று சொல்ல என் வாய் வராது.

கெட்டுப்போனது ஒன்று நிச்சயம் உண்டு. வெட்கம். செய்யக்கூடாததைச் செய்துவிட்டு மறைக்கும் பழக்கம் போய், எவ்வளவு என்று வெளிப்படையாகவே கேட்டு வாங்கும் பழக்கம் வந்துவிட்டது. பொது ஒழுக்கம் என்றால் நம் ஆட்கள் உடையையும் காதலையும் செல்போனையும் பேசுவார்கள். ஏரியை வளைத்துப் பட்டா போடுவதையும், அளவு ரசீதில் பொய் எழுதுவதையும் பேசமாட்டார்கள். ஓசியாவின் பட்டியலில் விபசாரமும் இருக்கிறது, பொய்யும் திருட்டும் இருக்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள நமக்கு அனுமதி இல்லை.

ஓட்டுக்குக் காசு வாங்கினா பாவமா? அது எங்க வரிப்பணம்தானே, திரும்பி வருது!

பாவம்தான். "பரிதானம் வாங்காதிருப்பாயாக, பரிதானம் பார்வையுள்ளவர்களைக் குருடாக்கி, நீதிமான்களின் வார்த்தைகளைப் புரட்டும்" என்கிறது யாத்திராகமம் 23:8. பரிதானம் என்றால் லஞ்சம். கொடுப்பவரைவிட வாங்குபவரிடம்தான் வசனம் பேசுகிறது. 2016ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017ல் ஆர்.கே. நகரிலும் பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டித் தேர்தல் ஆணையமே தேர்தலை நிறுத்தியது. அந்த அளவுக்குப் போயிருக்கிறது.

கஷ்டப்படுகிற குடும்பத்துக்கு அந்த ஆயிரம் ரூபாய் பெரிய தொகை, அது எனக்குத் தெரியும். குழுக் கடன் கட்ட வழியில்லாமல் வாங்கிய ஒரு அக்கா, வீட்டுக் கூட்டத்தில் அழுதே சொன்னார். அவரை மேடையிலிருந்து குற்றப்படுத்த எனக்கு மனமில்லை. வசதியாக இருந்தும் வரிசையில் நின்றவர்களிடம்தான் எனக்குக் கோபம். அள்ளிக் கொடுத்தவர் அதைத் திரும்ப எடுக்க வேண்டும். எங்கிருந்து எடுப்பார்? ஆற்று மணலிலும் குளத்து வண்டலிலும் கல்குவாரியிலும்தான். நாம் வாங்கிய பணத்துக்கு ஆறு வட்டி கட்டுகிறது. ஓசியா சொன்ன "இதினிமித்தம்" நம் ஊரில் இந்த வழியாக வருகிறது.

சட்டம்தான் இருக்கே, அதை ஒழுங்கா போட்டா போதாதா? பக்தி எதுக்கு?

சட்டம் நிறையவே இருக்கிறது. தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974ல் வந்தது. 1976ல் 42ஆவது திருத்தம், இயற்கையைப் பாதுகாப்பதை அரசின் வழிகாட்டு நெறியாகவும் ஒவ்வொரு குடிமகனின் கடமையாகவும் அரசியலமைப்பிலேயே எழுதியது. போபால் விஷவாயுவுக்குப் பிறகு 1986ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 2006 அறிவிக்கையின்படி பெரிய திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு, 2010ல் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம்.

பாலாற்றைப் பாருங்கள். வேலூர்ப் பக்கத் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு நாடு முழுக்க முன்மாதிரி ஆனது. மாசுபடுத்தியவரே சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் சட்டத்தின் ஒரு பகுதி என்று அதில் தெளிவாகச் சொன்னார்கள். ஆனாலும் கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து, 2025 ஜனவரியில், அதே ஆற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது. இடையில் எத்தனை ஆய்வு அறிக்கைகள், எத்தனை கையெழுத்துகள்! மாதிரி எடுக்க வருபவர் உண்மையாக எடுத்து, உண்மையாக எழுதினால்தான் சட்டம் ஆற்றுக்குப் போய்ச் சேரும். "தேசத்திலே உண்மையும் இல்லை" என்பது அந்த மேசையைப் பற்றியும்தான். அந்த மேசையில் நம் சபைப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆலையை மூடினா வேலை போகுமே. ஏழைக்குச் சோறா, ஆறா? எது முக்கியம்?

எங்கள் பக்கத்தில் இது வெறும் விவாதமாக இருந்ததில்லை. 2018 மே 22ல் தூத்துக்குடியில் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் இறந்தார்கள். சில நாளில் ஆலை மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. அதே நேரத்தில், அந்த ஆலையை நம்பி லாரி ஓட்டியவர்களும் ஒப்பந்த வேலை பார்த்தவர்களும் கூலி இழந்தார்கள். ஒரே பெஞ்சில் இரண்டு தரப்புக் குடும்பமும் உட்கார்ந்து ஜெபித்ததை நான் பார்த்திருக்கிறேன். சுலபமான பதில் சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

1 இராஜாக்கள் 21ஐ வாசியுங்கள். நாபோத் என்பவரின் திராட்சத்தோட்டத்துக்கு ஆகாப் ராஜா முதலில் நியாயமான விலையே பேசினான். அதைவிட நல்ல தோட்டம் அல்லது பணம் தருகிறேன் என்றான். நாபோத் மறுத்தார், அது பிதாக்களின் சுதந்தரம். அப்புறம் நடந்தது என்ன? முத்திரை போட்ட கடிதம், கூட்டிய சபை, இரண்டு பொய்ச்சாட்சி, கடைசியில் நாபோத்தின் சாவு. எல்லாம் முறைப்படி நடந்தது போலவே இருக்கும். கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த அதிகாரம் ஞாபகம் வருகிறது. அங்கே உண்மை பேசப்பட்டதா, மறுப்பவர் பயமில்லாமல் மறுக்க முடிந்ததா என்பதைச் சபை முதலில் கேட்க வேண்டும். அடுத்தது, மூடினால் கூலி இழப்பவருக்கு யார் பொறுப்பு? முந்தைய பதிலில் சொன்ன கொள்கைப்படி, லாபம் பார்த்தவர்தான் அந்தச் செலவையும் ஏற்க வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்த பணம் தொழிலாளிக்கு வந்து சேரவில்லை.

நாம சிறுபான்மை. போராட்டத்துக்குப் போனா வெளிநாட்டுக் காசுன்னு சொல்லுவாங்களே?

சொல்லத்தான் செய்கிறார்கள். கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரை மாதா கோயில் வளாகத்தில் மக்கள் உட்கார்ந்திருந்தபோது, 2012ல் பிரதமரே அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களைக் கைகாட்டினார். மீனவர்கள் தங்கள் கடலைப் பற்றிப் பயந்ததற்கு அமெரிக்கா தேவையில்லை. அணுமின்சாரம் வேண்டுமா என்பதில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. அதில் இதுதான் வேதத்தின் பதில் என்று நான் சொல்லமாட்டேன்.

செய்யக்கூடியது இரண்டு. கணக்கை எப்போதும் திறந்து வைப்பது. அடுத்தது, தனியாகப் போகாமல் இருப்பது. குளம் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் சர்ச்சுக்கும் ஒன்றுதான். நீங்கள் சிறைப்பட்டுப் போயிருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று எரேமியா 29ல் சொல்லப்பட்டது அந்நிய தேசத்தில் இருந்தவர்களுக்கு. நாம் சொந்த ஊரில் இருக்கிறோம்.

சபைத் தேர்தல்லயே காசு புரளுது. நிலத்தை விக்கிறாங்க. நீங்க ஊருக்குப் பிரசங்கம் பண்றீங்களா?

இந்தக் கேள்வி வரும்போது அறை அமைதியாகிவிடும். உண்மை என்பதால்தான். சபைப் பொறுப்புக்குப் பணம் செலவழித்து வருபவர்களையும், பட்டியல் போட்டு வீடு வீடாக உறை கொடுத்ததையும் நானே பார்த்திருக்கிறேன். முன்னோர் காணிக்கையாக எழுதி வைத்த நிலம் மனை விற்பனைக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். ஓட்டுக்காசு பற்றி மேலே சொன்ன வசனம் இங்கேயும் அப்படியே பொருந்தும், இங்கே இன்னும் கூடுதலாக.

நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே துவங்கும் என்று பேதுரு எழுதினார். ஓசியா வழக்குத் தொடுத்தது அந்நியர் மேல் இல்லை, தன் சொந்த ஜனத்தின் மேல். நான்காம் அதிகாரத்தில் கொஞ்சம் கீழே போனால், முதலில் மாட்டுபவர்கள் ஆசாரியர்கள். அதனால் நாம் சுத்தமான பிறகுதான் பேசலாம் என்று வாயை மூடிக்கொள்ளவும் வேண்டாம், நம்மை விட்டுவிட்டு ஊரை மட்டும் பேசவும் வேண்டாம். உறையைத் திருப்பிக் கொடுத்த மூன்று குடும்பத்தை எனக்குத் தெரியும். அவர்கள் பேசினால் ஊர் கேட்கிறது.

சரி, எங்களுது சின்னச் சபை. நூறு குடும்பம்கூட இல்ல. என்னதான் செய்யலாம்?

அசனத்தில், அதாவது சபையின் பொது விருந்தில், ஆரம்பியுங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் டம்ளரும் தடை. ஆனால் எங்கள் அசனப் பண்டிகை முடிந்த மறுநாள் சர்ச் பின்பக்க ஓடையில் அதுதான் கிடந்தது. ஸ்தோத்திரம் சொல்லிச் சாப்பிட்ட சோற்றின் தட்டு அது. கிறிஸ்துமஸுக்கு ஃப்ளெக்ஸ் பேனர் வைக்காமல் துணியில் எழுதலாம். கல்லறைத் தோட்டத்தில் வேம்பும் புங்கையும் வைக்கலாம், கூரைத் தண்ணீரைச் சர்ச் கிணற்றுக்குத் திருப்பலாம். ஊரில் கருத்துக்கேட்பு நடந்தால் இரண்டு பேராவது அறிக்கையை முழுக்கப் படித்துவிட்டுப் போகலாம். தேர்தலுக்கு முந்தின ஞாயிறு யாத்திராகமம் 23ஐப் பாடமாக வாசிக்கலாம். வாசித்தாலே போதும், பிரசங்கம்கூட வேண்டாம்.

எங்கள் சபையில் தட்டை மாற்றுவதற்கே இரண்டு கமிட்டிக் கூட்டம் ஆனது. செலவு கூடும், பந்தி தாமதமாகும் என்றார்கள். இப்போது வரும் அசனத்துக்கு வாழை இலை தர இரண்டு தோட்டக்காரர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் நம் சபைக்காரர் இல்லை, குளத்துக்கு அந்தப் பக்கம் கோயில் தெருவில் இருப்பவர். தண்ணீர் டம்ளர்தான் பாக்கி. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லி அடுத்த ஞாயிறு அறிவிப்பு வாசிக்கப் போகிறோம்.